செயலியில் படித்த ஆங்கிலச் சொல் ஏன் பேசும்போது வருவதில்லை?

பிளே ஸ்டோரில் 'இங்கிலீஷ் வொக்காபுலரி' என்று தேடினால் செயலிகள் வரிசை கட்டி நிற்கும். பல இலவசம்தான். இத்தனை நாளில் இத்தனை ஆயிரம் சொல் என்று வாக்குக் கொடுப்பவையும் நிறைய. இன்னொரு பக்கம், இவற்றைப் பயன்படுத்துபவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு: "ஆறு மாசமா ஒருநாள் விடாம செய்றேன், ஆப்ல எல்லாம் சரியா வருது, இன்டர்வியூவில போய் உட்கார்ந்தா ஒரு வார்த்தை வாயில வர மாட்டேங்குது."

செயலி சரி என்று காட்டியதும் உண்மை, வாயில் வராததும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை காண, ஒரு சொல் தெரியும் என்றால் என்ன, மறதி எப்படி வேலை செய்கிறது, செயலி நம்மிடம் என்ன வேலை வாங்குகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

'தெரியும்' என்பதில் பல படிகள்

ஒரு சொல்லைக் கண்ணால் பார்த்ததும் பொருள் புரிவது ஒரு திறன். பொருள் மனதில் இருக்கும்போது அதற்கான சொல்லைத் தானாக எடுத்துப் போடுவது வேறொரு திறன். முதலாவதை ஏற்புத் திறன் என்றும் இரண்டாவதை ஆக்கத் திறன் என்றும் சொல்லலாம். யாருக்கும் முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும்தான் இருக்கும். தாய்மொழியிலும் அப்படித்தான்: சங்கப் பாடல் உரையைப் படித்தால் ஓரளவு புரியும், அந்தச் சொற்களில் பேச யாராலும் முடிவதில்லை.

சொல்லறிவு ஆய்வில் பெரிய பெயர், நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன். ஒரு சொல்லை அறிவதை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்.

1. வடிவம்: எப்படி ஒலிக்கும், எழுத்துக்கூட்டல் என்ன, எந்தப் பகுதிகளால் ஆனது.
2. பொருள்: எதைக் குறிக்கும், வேறு எந்தச் சொற்களை நினைவுபடுத்தும்.
3. பயன்பாடு: எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது.

இவை ஒவ்வொன்றிலும் ஏற்பு, ஆக்கம் என்று இரண்டு பக்கம் உண்டு. செயலிகள் பெரும்பாலும் சோதிப்பது இரண்டாவது வரியின் ஏற்புப் பக்கத்தை மட்டும்: ஆங்கிலச் சொல்லைக் காட்டி, பொருளைத் தொடச் சொல்வது.

மூன்றாவது வரிதான் தமிழ் பேசுபவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம். நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஈட்' வராது, 'டேக்' வர வேண்டும். நாம் கனவு காண்கிறோம். அதை 'ஐ சா எ ட்ரீம்' என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது, 'ஐ ஹேட் எ ட்ரீம்' என்பார்கள். இந்த நான்கு வாக்கியத்திலும் தெரியாத சொல் எதுவுமே இல்லை. எது எதோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை. இதற்குச் சேர்க்கை என்று பெயர். தனிச் சொல்லும் பொருளும் மட்டுமே உள்ள பட்டியலில் சேர்க்கை ஒருநாளும் கிடைக்காது.

எத்தனை சொல் தேவை?

விளம்பரங்களில் வரும் எண்ணைப் பார்ப்பதற்குமுன் எதை ஒன்று என்று எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'ஹெல்ப்', 'ஹெல்ப்ஃபுல்', 'ஹெல்ப்லெஸ்', 'ஹெல்பர்' ஆகியவற்றை நான்கு சொல் என்றும் எண்ணலாம், ஒரே குடும்பம் என்றும் எண்ணலாம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் குடும்பக் கணக்கில் பேசுவார்கள். விற்பவர்கள் எந்தக் கணக்கில் பேசுகிறார்கள் என்பதைச் சொல்வதே இல்லை.

ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் வசதியாகப் படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 300 சொல் உள்ள ஒரு செய்தியில் ஆறு சொல் தெரியாமல் இருக்கலாம். அதற்குமேல் போனால் தடுமாற்றம். இந்த அளவை எட்ட நாவல், நாளிதழ் போன்றவற்றுக்கு 8000 முதல் 9000 குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000 குடும்பங்களும் வேண்டும் என்று நேஷன் 2006-இல் கணக்கிட்டார்.

மலைப்பாக இருக்கிறதா? இந்த எண்ணுக்குள் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. எல்லாச் சொல்லும் சமமாகப் புழங்குவதில்லை. அடிக்கடி வரும் முதல் 2000 குடும்பங்களே சாதாரண எழுத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைத்துவிடும். பேச்சில் இன்னும் கூடுதல்.

முதலில் எதைப் படிக்க வேண்டும் என்று இப்படிப் பட்டியல் போடும் வேலையின் வேர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலப் பாடநூல்களில் புதிய சொற்கள் மூச்சுவிட இடமில்லாமல் வந்து விழுவதால் வங்காள மாணவர்களால் படிக்க முடியவில்லை என்று கண்டார். சொற்களைக் குறைத்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வரவைத்துப் பாடநூல் எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் இருந்தன. அதைப் புதுப்பித்து 2013-இல் வந்த பட்டியலில் சுமார் 2800. கல்லூரிப் படிப்புக்கென ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் 570 குடும்பங்கள் கொண்ட தனிப் பட்டியல் ஒன்றைத் தந்தார். பாடப்புத்தக நடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதற்குள் அடங்கும். 'ஆக்ஸ்ஃபோர்டு 3000' என்ற பட்டியலையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நிலை குறித்திருப்பார்கள்.

இதன் விளைவு எளிது. முதல் இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களுக்கு அட்டை போட்டு (ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை) மனனம் செய்வது நேரத்துக்குத் தகுந்த பலன் தரும். நாளைக்கு ஐந்து சொல் என்றால் 2000 சொல்லுக்கு 400 நாள். அதற்கு மேலே உள்ள சொற்கள் அரிதாகத்தான் எதிர்ப்படும். அவற்றை வாசிப்பிலிருந்துதான் சேர்க்க வேண்டும். 'தினம் ஒரு அரிய சொல்' என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. ஆயிரத்தில் ஒருமுறைகூட எதிர்ப்படாத சொல்லை, 'ஆல்தோ'வைச் சரியாகப் போடத் தெரியாதவருக்குக் கொடுத்து என்ன பயன்?

மறதியின் கணக்கு

1885-இல் ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் கழித்து அதே அசைகளை மறுபடி படிப்பார். முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளப்பார். ஒரு நாள் கழித்து மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. ஆக, மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்லச் சரிகிறது. 'ஒரே நாளில் 70 விழுக்காடு மறந்துவிடும்' என்று இணையத்தில் சுற்றும் வாசகம் இங்கிருந்து வந்ததுதான். அவர் படித்தது பொருளற்ற அசைகள் என்பதையும், அளந்தது மிச்சமான நேரத்தை என்பதையும் அதைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மறக்கும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்தினால் அடுத்த சரிவு மெதுவாகும் என்பதுதான் இதிலிருந்து பிறந்த உத்தி. முதலில் சீக்கிரம், பிறகு மெல்ல மெல்ல இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது. இதை இடைவெளி விட்ட மறுபார்வை என்கிறோம். இது நடைமுறைக்கு வந்த வரலாறு சுருக்கமாக:

1. 1967-இல் அமெரிக்கர் பால் பிம்ஸ்லர், ஐந்து நொடியில் தொடங்கி இரண்டு ஆண்டுவரை நீளும் ஓர் இடைவெளி அட்டவணையை வெளியிட்டார். ஒலிநாடாவில் மொழி கற்பிப்பதற்காக வகுத்தது.
2. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின்னால் உள்ள அறைகளை எப்போதாவதுதான் திறப்போம். இதற்கு மின்சாரமே வேண்டாம்.
3. போலந்தில் பியோத்ர் வோஸ்னியாக் என்ற மாணவர், ஆங்கிலச் சொற்களும் பாடங்களும் மறந்துபோகின்றன என்று 1985-இல் காகிதத்தில் சோதனை தொடங்கி, 1987-இல் அதைக் கணினி நிரலாக்கினார். அதிலிருந்த கணக்குமுறைதான் பிற்காலச் செயலிகள் பலவற்றுக்கு முன்னோடி.
4. 2006-இல் டேமியன் எல்ம்ஸ், அட்டைகளை இப்படி இடைவெளி விட்டுக் கேட்கும் 'அன்கி' என்ற செயலியை வெளியிட்டார். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் காசு. 2023-இல் அதில் புதிய கணக்குமுறை ஒன்று சேர்ந்தது: பயனரின் பழைய விடைகளைப் பார்த்து, எந்த அட்டை எப்போது மறக்கும் என்று கணிக்கிறது.

வோஸ்னியாக்கின் 1987 கணக்கை ஒரு சொல்லில் ஓட்டிப் பார்ப்போம். இன்று படித்த சொல் நாளை வரும். சரியாகச் சொன்னால் அடுத்து ஆறு நாள் கழித்து. அதிலிருந்து முந்தைய இடைவெளியை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் அது 2.5. எனவே 15 நாள், பிறகு 38 நாள், அப்புறம் மூன்று மாதத்துக்கும் மேல். 'கஷ்டப்பட்டுத்தான் ஞாபகம் வந்தது' என்று சொன்னால் பெருக்கெண் குறையும், இடைவெளி சுருங்கும். ஆனால் 1.3-க்குக் கீழே போகாது. தவறினால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான் சூத்திரம். ஆறு தடவை பார்ப்பதிலேயே ஒரு சொல் அரையாண்டைத் தாண்டிவிடும்.

மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவும் 2016-இல் தன் முறையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் சொல்வதுபோல, ஒவ்வொரு பயனர் மனதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அரை ஆயுளை, அதாவது அது நினைவில் இருக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைய ஆகும் காலத்தை, கணிப்பது அதன் அடிப்படை.

ஆக, எப்போது கேட்க வேண்டும் என்ற கணக்கில் கணினியை மனிதன் வெல்ல முடியாது. 2000 அட்டைக்கும் தனித்தனித் தேதி வைத்துக்கொள்வது நோட்டுப் புத்தகத்தால் ஆகாத காரியம். டிஜிட்டல் கருவி தன் சம்பளத்தைச் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான்.

தேடி எடுப்பதா, தொட்டுக் காட்டுவதா?

எப்போது கேட்பது என்பது தீர்ந்தது. எப்படிக் கேட்பது என்பதில்தான் குழப்பம்.

2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஸ்வாஹிலி மொழிச் சொல்லும் ஆங்கிலப் பொருளுமாக 40 ஜோடி. ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட ஜோடியை அடுத்து என்ன செய்வது என்பதில் மட்டும் வேறுபாடு. சிலருக்கு அந்த ஜோடியை மேற்கொண்டு படிக்கவும் கொடுத்தார்கள், கேள்வியும் கேட்டார்கள். சிலருக்குப் படிப்பை நிறுத்திவிட்டு, கேள்வி மட்டும் தொடர்ந்தது. சிலருக்குக் கேள்வியை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு இரண்டும் நின்றது.

அன்றைக்கு எல்லாக் குழுவும் ஒரே அளவில்தான் கற்றிருந்தது. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது, எல்லோரும் ஏறத்தாழ பாதி என்றார்கள். வாரம் கழித்து வந்த விடை வேறு. கேள்வி தொடர்ந்த இரு குழுக்களும் 80 விழுக்காடு அளவில் சொன்னார்கள். கேள்வி நின்ற இரு குழுக்களும் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றுவிட்டார்கள். கூடுதலாகப் படித்ததால் குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் இல்லை.

இதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மனதிலிருந்து ஒரு சொல்லைத் தேடி வெளியே எடுக்கும் செயலே அதை ஆழமாகப் பதிக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பது அல்ல. இன்னொன்று, எது நமக்கு உதவுகிறது என்று நமக்கே தெரிவதில்லை. எளிதாகப் போகும் பயிற்சி நன்றாகப் போகும் பயிற்சிபோலத் தோன்றும்.

இப்போது செயலிகளைப் பாருங்கள். நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வது. கீழே சிதறிக் கிடக்கும் சொற்கட்டங்களைத் தூக்கி வாக்கியத்தில் வைக்கச் சொல்வது. படத்தோடு சொல்லை ஜோடி சேர்க்கச் சொல்வது. எல்லாவற்றிலும் விடை திரையிலேயே இருக்கிறது. தேடி எடுக்கும் வேலை இல்லை, அடையாளம் காணும் வேலை மட்டுமே. நான்கில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கால் பங்கு சரியாகிவிடும். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் நான்கு விடை கொடுத்துக் கேட்பதில்லை. ஆறு மாதம் செய்தும் வாயில் வராததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஏன் அப்படி வடிவமைக்கிறார்கள்? கைப்பேசியில் முழுச் சொல்லைத் தட்டச்சு செய்வது சலிப்பு. நாலு தடவை தவறினால் ஆள் செயலியை அழித்துவிடுவார். நிறுவனத்தின் அளவுகோலும் அதற்குத் தகுந்ததுதான். 2021-இல் பங்குச்சந்தைக்கு வந்த டுவோலிங்கோ ஒவ்வொரு காலாண்டிலும் முதலீட்டாளர்களுக்குச் சொல்லும் முக்கிய எண், தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்பது. எத்தனை சொல் அவர்கள் வாயில் வந்தது என்பதை எந்தக் காலாண்டறிக்கையிலும் அளக்க முடியாது. ஸ்ட்ரீக் என்கிற தொடர்நாள் கணக்கும், மாலையானால் ஏங்கிக் கூப்பிடும் அறிவிப்பும் அங்கிருந்து பிறந்தவை.

நியாயமாகச் சொன்னால் ஸ்ட்ரீக் முழுக்கக் கெடுதலும் அல்ல. தினமும் வரவைப்பதே இடைவெளி விட்ட மறுபார்வைக்குப் பாதி வேலை. முதல் சில வாரம், சொல்லின் முகமே தெரியாத கட்டத்தில், நான்கில் ஒன்றைத் தொடுவதும் உதவும். அந்தக் கட்டத்தைத் தாண்டியும் அதிலேயே உட்கார்ந்திருப்பதுதான் வினை. மணி 11:58-க்கு அவசரமாக இருப்பதிலேயே எளிய பாடத்தைத் தட்டி முடிப்பவர் காப்பாற்றுவது ஸ்ட்ரீக்கை மட்டும்.

ஸ்வாஹிலி சோதனையிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. ஒருமுறை சரியாகச் சொன்னதும் 'தெரியும்' குவியலில் தள்ளி, இனிக் காட்டாமல் விடும் செயலிகள் இருக்கின்றன. அது, கேள்வியை நிறுத்திய குழுவில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

ஒரு அட்டையை அருகில் வைத்துப் பார்ப்போம்

'ரிலக்டன்ட்' என்ற சொல். பொதுவாக இப்படித்தான் அட்டை போடுவார்கள்: முன்பக்கம் அந்தச் சொல், பின்பக்கம் 'தயக்கமான, விருப்பமற்ற, மனமில்லாத, பின்வாங்குகிற'. பார்த்ததும் 'ஆமா, தயக்கம்' என்று மனது சொல்லும், அட்டை நகர்ந்துவிடும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும், எப்படி ஒலிக்கும் என்று எதுவும் தெரிந்திருக்காது.

வேறு மாதிரி போடலாம். முன்பக்கம் தமிழில்: 'கையெழுத்துப் போட அவருக்கு மனசே இல்லை.' அதன் கீழே இடம் விட்ட ஆங்கில வாக்கியம்: 'ஹி வாஸ் ———— டு சைன்.' பின்பக்கம் விடுபட்ட சொல், முழு வாக்கியத்தின் ஒலிப்பதிவு. இப்போது சொல்லைத் தேடி எடுக்க வேண்டும்; 'வாஸ்' முன்னால் வரும், 'டு' பின்னால் வரும் என்பதும் கூடவே பதியும். அட்டை ஒன்றுதான், வாங்கும் வேலை மூன்று மடங்கு. இதன் பின்னால் உள்ள விதிகள்:

1. ஓர் அட்டையில் ஒரு கேள்வி. ஐந்து பொருளை ஒன்றாக எழுதினால், மூன்று ஞாபகம் வந்தால் சரியா தவறா என்று செயலிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

2. தமிழில் பொருள் எழுதத் தயங்க வேண்டாம். 'ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படி' என்று வகுப்பறைகளில் சொல்வதுண்டு. தொடக்க நிலையில் தாய்மொழிப் பொருள்தான் விரைவாகவும் தெளிவாகவும் ஒட்டும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நிலை உயர உயர ஆங்கில விளக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

3. ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டாம். மூட்டை கட்டு, முதுகு, பை ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே 'பேக்' ஆகிவிடும். அழுத்தத்தையும் தமிழ் எழுத்து காட்டாது: 'டெவலப்' என்பதில் அழுத்தம் நடு அசையில் விழ வேண்டும், நாம் முதல் அசையில் போட்டுப் பழகியிருக்கிறோம். இந்தக் கட்டுரை தமிழ் எழுத்தில் ஓடுவது வாசிக்க வசதிக்காக. அட்டைக்கு அது முன்மாதிரி அல்ல. செயலியில் ஒலிக்கும் வசதி இருக்கும்போது ஏன் அந்த ஊன்றுகோல்?

4. ஒரே வகைச் சொற்களைக் கூட்டமாகச் சேர்க்க வேண்டாம். பழங்கள் ஒரு பாடம், உடைகள் ஒரு பாடம், எதிர்ச்சொற்கள் ஒரு பாடம் என்று அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் புதிதாகப் படிக்கும்போது ஒத்த சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும் என்று 1990-களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. 'லெண்ட்', 'பாரோ' இரண்டையும் ஒரே நாளில் படித்தவர்களுக்கு எது கொடுப்பது, எது வாங்குவது என்ற சந்தேகம் போகவே போகாது. ஒன்று நன்றாகப் பதிந்தபின் மற்றது. பல செயலிகளின் பாட வரிசை இதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது.

5. முடிந்தவரை அட்டையை நீங்களே போடுங்கள். இறக்கிக்கொள்ளும் பெரிய தொகுப்புகளில் பிழையும் உண்டு. உங்களுக்குத் தேவைப்படாத சொல்லும் நிறைய உண்டு. நீங்கள் படித்த வாக்கியத்திலிருந்து எடுத்த சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் இடம் மனதில் இருக்கும்.

சேர்க்கையைத் தேட எங்கே போவது?

அட்டைக்கு வாக்கியம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? மொழிபெயர்ப்புக் கருவிதான் முதலில் கைக்கு வரும். 2011-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் தரத்தில் நிறைய வித்தியாசம். ஒரு கடிதத்தின் சாரம் தெரிந்துகொள்ளப் போதும். சொல் கற்க அது போதாது, ஏனென்றால் முழு வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. கேமராவைக் காட்டினால் பலகை தமிழாக மாறுகிறது. நாளைக்கும் காட்டிக்கொள்ளலாம் என்று மனது அந்தச் சொல்லைப் பிடித்து வைப்பதில்லை.

கற்பவருக்கான அகராதி வேறு வகை. 1978-இல் வந்த லாங்மன் அகராதி எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது. இப்படிப்பட்ட அகராதிகள் பலவும் இன்று இணையத்தில் இலவசம்; எடுத்துக்காட்டு வாக்கியமும் ஒலியும் கூடவே வரும். தமிழில் பொருள் பார்க்க விக்சனரி இருக்கிறது, தரம் சொல்லுக்குச் சொல் மாறும்.

அதிகம் பேருக்குத் தெரியாத கருவி, மொழித் தொகுப்பு. செய்தி, நாவல், பேச்சு என்று எல்லாவற்றையும் திரட்டித் தேடும்படி வைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் 10 கோடிச் சொல். மார்க் டேவிஸ் உருவாக்கிய அமெரிக்கத் தொகுப்பில் 100 கோடிக்கும் மேல். 'ரெயின்' என்று போட்டு, அதற்கு முன்னால் எந்தப் பெயரடை வருகிறது என்று கேட்டால் 'ஹெவி' மேலே வந்து நிற்கும். 'ஸ்ட்ராங்' அந்தப் பக்கமே தலைகாட்டாது. எந்த ஆசிரியரும் உட்கார்ந்து சொல்லித்தர முடியாத அளவுக்குச் சேர்க்கை அங்கே கொட்டிக் கிடக்கிறது. ஒரு சொல்லை யூடியூபில் யார் யார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று காணொளியை அந்த நொடியிலிருந்தே ஓட்டிக் காட்டும் 'யூகிளிஷ்' தளமும் இதே ரகம்.

செயற்கை நுண்ணறிவு எங்கே பொருந்தும்?

அரட்டைக் கருவிகள் வந்தபின் கேள்வி மாறியிருக்கிறது. முன்பு பேசிப் பழக ஆள் இல்லை. இப்போது நள்ளிரவிலும் பதில் சொல்ல ஒன்று இருக்கிறது. 'இந்தப் பத்துச் சொல்லும் வரும்படி என்னிடம் வங்கி மேலாளர்போலக் கேள்வி கேள், விடை கொடுக்காதே, நான் தவறினால் மட்டும் திருத்து' என்று சொல்லலாம். ஆக்கத் திறனுக்கு இதைப்போன்ற பயிற்சி முன்பு சுலபமாகக் கிடைத்ததில்லை. ஒரே சொல்லுக்கு நம் நிலைக்கேற்ப ஐந்து வாக்கியம் கேட்டு வாங்கி அட்டையிலும் போடலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தவறான விளக்கத்தையும் அது அதே தன்னம்பிக்கையோடு சொல்லும். தமிழ்ப் பொருள் கேட்டால் சறுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல், அகராதியோடு ஒப்பிடாமல் அட்டையில் ஏற்றக் கூடாது. அடுத்தது, 'இந்தக் கடிதத்தை எழுதிக் கொடு' என்று கேட்ட நொடியில் பயிற்சி முடிந்துபோகிறது. முதலில் நாம் எழுதி, பிறகு திருத்தச் சொல்வதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

செயலியை எடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. விடையைத் திரையில் காட்டாமல் கேட்கிறதா? தட்டச்சு அல்லது பேசும் பயிற்சி இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம்.
2. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கேட்கும் வசதி உண்டா?
3. நீங்கள் விரும்பும் சொல்லைச் சேர்க்க விடுகிறதா, அது கொடுப்பதை மட்டும்தான் படிக்க வேண்டுமா?
4. இணையம் இல்லாமல் ஓடுமா? பேருந்தில் போகும்போதும், வீட்டில் ஒரே கைப்பேசியைப் பலர் பகிரும்போதும் இது சின்ன விஷயம் அல்ல.
5. உங்கள் அட்டைகளை வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? நாளை அது கட்டணத்துக்கு மாறினால் ஈராண்டு உழைப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளக் கூடாது.

தேங்கிவிட்டால் என்ன செய்வது?

இந்த முறையைக் கைவிடுபவர்களில் பலரும் கைவிடுவது ஒரே இடத்தில்தான். அன்கியில் இயல்பாக ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் ஜோராகப் போகும். ஆனால் ஒவ்வொரு புதிய அட்டையும் பின்னால் ஆறேழு மறுபார்வையை இழுத்துக்கொண்டு வருகிறது. தவறியவை அதற்கும் மேலே. சில வாரத்தில் தினசரிக் குவியல் நூறையும் தாண்டும். இடையில் பரீட்சை, கல்யாணம், காய்ச்சல் என்று பத்து நாள் விட்டால், திறந்ததும் ஆயிரம் அட்டை காத்திருக்கும். அதைப் பார்த்ததும் மூடிவைப்பவர் மறுபடி திறப்பதில்லை.

வழி இருக்கிறது. புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது மறுபார்வை என்று வரம்பு போடுங்கள். ஆயிரம் என்று காட்டினாலும் கலங்க வேண்டாம்: தாமதமாகக் கேட்டும் சரியாகச் சொன்ன சொல்லுக்கு நல்ல கணக்குமுறைகள் இன்னும் நீண்ட இடைவெளி கொடுத்துவிடும். எட்டு தடவை தவறிய அட்டை இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள், அல்லது வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதுங்கள். கோளாறு பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். குவியல் வடிந்தபின் புதியது நாளைக்கு ஐந்து என்று ஆரம்பித்தால் போதும், மிச்சமாகும் கால் மணி நேரத்தில் அந்த ஐந்தையும் வைத்து வாய்விட்டு ஐந்து வாக்கியம் சொல்லிப் பார்க்கலாம்.